மீசையில்லாத மந்திரியும் மின்மினிப் புழுவும்

முன்னொரு காலத்தில் குறிஞ்சிவனம் என்ற மலைநாட்டை மழவராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ, அவர்கள் பேச்சுதான் அவனுக்கு வேதம்.

அவனுடைய மந்திரி சாத்தப்பனுக்கு வயது நாற்பது. குள்ள உருவம், பால் வடியும் முகம், மீசை முளைக்கவே இல்லை. தளவாய் வைரவநாதனுக்கோ மீசை காதுவரை. மந்திரி பதவிமேல் அவனுக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

ஒருநாள் சபையில் தளவாய் பேச்செடுத்தான். "மகாராஜா, பக்கத்து நாட்டுத் தூதர் நம் மந்திரியைப் பார்த்து, 'தம்பி, பெரியவர்கள் யாரும் இல்லையா?' என்று கேட்டாராம்! மானம் போகிறது. வளராத ஆளிடம் நாட்டை ஒப்படைக்கலாமா?"

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான். "அதுவும் சரிதான். இனி மீசை உள்ளவனுக்குத்தான் இங்கே பதவி. இதுவே என் ஆணை!"

மீசைக்குச் சாத்தப்பன் எங்கே போவான், பாவம்! இருந்தாலும் கவலையை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "அரசே, ஒரே ஒரு சோதனை. தோற்றால் முத்திரை மோதிரத்தை நானே கழற்றிவிடுகிறேன்" என்றான்.

அந்தி மயங்கியதும் எல்லாரையும் அரண்மனைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனான். ஈரப் புல்லில் ஒரு புழு பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"தளவாயாரே, இது குழந்தையா, வளர்ந்ததா?"

"இதென்ன கேள்வி? இன்னும் சிறகு முளைக்காத மின்மினிக் குஞ்சு. இல்லையென்றால் என் மீசையை மழித்துக்கொள்கிறேன்!"

சொல்லி வாய் மூடவில்லை, சிறகுள்ள மின்மினி ஒன்று பறந்துவந்து புழுவையே சுற்றிச்சுற்றி வந்தது.

"அப்பன் பிள்ளையைத் தேடி வந்திருக்கிறான்" என்றான் தளவாய்.

"எனக்கென்னவோ மாப்பிள்ளை மாதிரியல்லவா தெரிகிறது!" என்றான் அரசன்.

வந்தது பறந்துபோன பிறகு, புழுவை மட்டும் ஈரமண் போட்ட சட்டியில் விட்டு, துணியால் வாயைக் கட்டி, அரசனையே முத்திரை வைக்கச் சொன்னான் சாத்தப்பன். சில நாள் கழித்துச் சபை நடுவே கட்டை அவிழ்த்தார்கள். மண்ணில் கடுகு கடுகாக முட்டைகள். பக்கத்தில் அதே புழு.

"அரசே, இந்த இனத்தில் பெண்ணுக்குச் சிறகே முளைக்காது. புழுவாக இருந்தபடியே வளர்ந்து ஆளாகிவிடும். முட்டையிடுகிற குழந்தையைத் தளவாயார் எங்காவது பார்த்திருக்கிறாரா?"

சபை குலுங்கிச் சிரித்தது. அரசன் தன் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தப்பன் கழுத்தில் போட்டுவிட்டு, "கூப்பிடுங்கள் நாவிதரை!" என்றான்.

மழித்து முடித்ததும் தளவாய் விடலைப் பையன்போல நின்றான். "மீசையும் போயிற்று. ஆணைப்படி உன் பதவியும் போயிற்று" என்றான் அரசன். தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

சாத்தப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "அரசே, உருவத்தைப் பார்த்து வளர்ச்சியை அளக்கக்கூடாது என்று இப்போதுதானே கண்டோம்? அந்த ஆணையைத் திரும்பப் பெறுங்கள். அவரும் பிழைத்துப்போகட்டும்."

அரசன் வெட்கத்தோடு தலையசைத்தான்.

தளவாயின் மீசை மறுபடி அரும்புவதற்குள் அதே தூதர் வந்துசேர்ந்தார். வாசலில் நின்ற இருவரையும் பார்த்து, "தம்பிகளா, பெரியவர்கள் யாரும் இல்லையா?" என்று கேட்டார்.

சாத்தப்பன் வாய் திறக்குமுன் தளவாய் முந்திக்கொண்டான். "நாங்கள்தான் ஐயா பெரியவர்கள். உள்ளே வந்து உட்காரும்!"