பலகையில் ஒரு பெயருக்கு இடம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கூடமே அதிரும்படியான சிரிப்பு. ஆனால் அது கடைசியில்தான் வரும், அதுவரை பொறுத்திருங்கள்.

ஏற்காட்டு மலையில் பேரிக்காடு என்றொரு எஸ்டேட். அதன் பங்களாவுக்கு நூற்றைம்பது வயது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தேக்குப் பலகை தொங்குகிறது. எஸ்டேட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர்களை அதில் எழுதுவது வழக்கம். எல்லாம் வெள்ளைக்காரத் துரைகளின் பெயர்கள். அடியில் ஒரே ஒரு பெயருக்கு இடம் மிச்சம்.

இப்போதைய முதலாளி விக்டோரியா அம்மாள். மாடியறையில் இருந்தபடியே, சுவருக்குள் ஓடும் பித்தளைக் குழாயில் வாய் வைத்து, ஒரு இருமல் இருமிவிட்டு அடுப்படிக்கு உத்தரவு போடுவார். கீழே இருப்பவர்கள் அதே குழாயில் பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்து ஓய்ந்து, பூசையும் முடிந்த பிறகு, "இன்னுமா மணி அடிக்கலை?" என்று கேட்கிறவர்.

பிலோமி, சமையற்காரம்மாவின் பதினாறு வயது மகள். குக்கர் விசில், சாமியார் பிரசங்கம், பால்காரர் தும்மல், எதுவானாலும் அவள் தொண்டையில் வரும். அவளுடைய சொந்தக் குரல் எதுவென்று பெற்றவளுக்கே மறந்துவிட்டது. அந்தக் கோடையில், அம்மாள் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து அவள் மாடியேறினாள்.

கீழே, காய்கறித் தோட்டத்துச் சவரிமுத்து கூடையை இறக்கினார். குழாய் இருமியது. "சவரி! பலகையில உன் பேரைத்தான் எழுதப் போறேன். கோடை விருந்தன்னிக்குச் சொல்லுவேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே!"

"சத்தியமாங்களாம்மா?" என்று சவரிமுத்து கத்திய கத்தலில் அடுப்படிப் பூனை ஓடிவிட்டது.

மறுநாள், ஒயின் போடுகிற மரியபுஷ்பம். அதே இருமல், அதே வாக்கு. "நீங்க நல்லா இருக்கணும்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன.

மூன்றாம் நாள், தேன்பெட்டிக் காளியப்பன். வாக்கைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் குழாயையே பார்த்தார். பிறகு ரகசியம் சொல்வதுபோல், "என் பேரு கொஞ்சம் நீளங்கம்மா. இடம் பத்துமா?" என்றார்.

"பத்தும், பத்தும், போ!" என்றது குழாய்.

பிலோமி தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சொன்ன சிரிப்பு அதுவல்ல.

அந்த வாரமே விளையாட்டு கசந்துவிட்டது. விதைக்கு முற்றட்டும் என்று விட்டுவைத்த பூசணி, வெள்ளரியை எல்லாம் சவரிமுத்து விருந்துக்காக அறுத்துவிட்டார். மகள் கல்யாணத்துக்கென்று ஒன்பது வருஷமாக அரக்கு வைத்து மூடியிருந்த திராட்சை ஒயின் ஜாடியை மரியபுஷ்பம் திறந்துவிட்டார். காளியப்பன் மட்டும் வருஷா வருஷம் கொடுக்கிற அதே ஒரு பாட்டில் தேன். 'பாவம், இவரைத் தேனீயும் கைவிட்டுருச்சு' என்று பிலோமி அதற்கும் சேர்த்து வருந்தினாள்.

தினமும் காளியப்பன் அடுப்படியைத் தாண்டும்போது கேட்பார்: "என்ன பாப்பா, சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"இல்லண்ணே." அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

விருந்தன்று மூவரும் வெளுத்த உடுப்பில் பலகைக்குக் கீழே நின்றார்கள். எழுதியதைப் படித்துக்காட்ட மரியபுஷ்பம் தன் மகளையும் கூட்டி வந்திருந்தார். அதைப் பார்த்த பிலோமி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

இங்கே நிறுத்துகிறேன். இந்த மூவரில் ஒருவர் ஏமாறவே இல்லை. அவர் யார்? எப்படிக் கண்டுபிடித்தார்?

விடை பிலோமிக்கும் அப்போது தெரியாது. அவள் அம்மாளிடம் போய், வெகுநாளைக்குப் பிறகு தன் சொந்தக் குரலில், "குழாயில பேசினது நான்தாம்மா" என்றாள். அம்மாள் காதில் கையைக் குவித்தார். "என்னடி முணுமுணுக்கிறே? சத்தமாச் சொல்லு!" குரலைக் கூட்டிச் சொன்னாள். "இன்னும் சத்தமா!" கடைசியில், "பேரு எழுதறேன்னு மூணு பேரையும் ஏமாத்தினது நான்தாம்மா!" என்று கத்தியே விட்டாள். விருந்தாளிகள் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். கூடமே அதிர்ந்தது. மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. பிலோமி திறந்த வாயை மூடவில்லை. அம்மாளின் குரலை எடுத்தவள், இருமலை எடுத்தவள், காதை எடுக்க மறந்திருந்தாள். மெல்லத் திரும்பினாள். அத்தனை சிரிப்புக்கும் நடுவே, காளியப்பன் குனிந்து, அன்றைக்குக் கேட்ட அதே ரகசியக் குரலில் கேட்டார்:

"இடம் பத்துமா, பாப்பா?"