பதின்மூன்று அத்திப்பழம் கேட்ட பொந்து

ஒரு மலைக்காட்டில் நெடுஞ்சிறகன் என்ற இருவாச்சிப் பறவையும் அவன் மனைவி பொன்னலகியும் வீடு தேடி அலைந்தார்கள். பொன்னலகி முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது.

இருவாச்சிகளுக்கு வீடு விளையாட்டுக் காரியமில்லை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றுதான் மிச்சம் இருக்கும். மாதக்கணக்கில் அது வெளியே வராது. அத்தனை நாளும் ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

அந்தக் காட்டில் வீட்டு விலையைத் தவணையாகக் கொடுப்பது வழக்கம். குஞ்சு பறக்கும்வரை தினமும் இத்தனை அத்திப்பழம் என்று பேசிக்கொள்வார்கள். அதன்பின் பொந்து வாங்கியவருக்கே சொந்தம்.

கிளம்புமுன் பொன்னலகி, ஒரு நாளைக்கு எத்தனை பழம் கொண்டுவர முடியும் என்று கணவனைக் கேட்டாள். நல்ல நாளில் முப்பது என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

"நம்ம மூணு பேர் வயித்துக்கு இருபத்தஞ்சு வேணும். வீட்டுக்கு அஞ்சு. அதுக்கு மேல ஒண்ணுகூட கிடையாதுங்க" என்றாள்.

நெடுஞ்சிறகன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

கரிச்சான் என்ற தரகன் அவர்களை ஓர் உயர்ந்த அயினி மரத்துக்கு அழைத்துப் போனான். அது மலை அணிலின் மரம். அணில் கிளையில் கூடு கட்டி வாழ்ந்ததால் பொந்து சும்மா கிடந்தது. வாசலில் நின்று பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. நெடுஞ்சிறகன் சொக்கிப் போனான்.

"இதுதான் நம்ம வீடு!" என்று கத்திவிட்டான்.

கரிச்சானின் கண் மின்னியது. தினம் பத்துப் பழம் என்றான். நேற்றுதான் காலியானது, கேட்டு ஏகப்பட்ட பேர் வருகிறார்கள் என்றும் சொன்னான்.

பொன்னலகி உள்ளே போய்த் தரையைக் கீறிப் பார்த்தாள். பின்சுவரில் அலகை வைத்தாள், ஈரம். மூலையில் தூசி படிந்த பழைய சிலந்தி வலை. நேற்றுவரை குடியிருந்த வீட்டில் இப்படியா வலை இருக்கும்?

அதற்குள் கரிச்சான் அடுத்த கிளைக்குப் பறந்து இலைக்கூட்டத்தில் மறைந்தான். உடனே அங்கிருந்து ஒரு கிளியின் குரல் கேட்டது. "பதினொண்ணு தரேன், எனக்கே முடிச்சுடுங்க!"

நெடுஞ்சிறகன் முந்திக்கொண்டான். "பன்னெண்டு!" என்றான்.

இலைக்குள்ளிருந்து இப்போது குக்குறுவான் பறவையின் குரல் வந்தது. "பதிமூணு!"

நெடுஞ்சிறகன் மறுபடி வாயைத் திறக்கும் முன் பொன்னலகி அவன் சிறகைப் பிடித்து இழுத்தாள். அந்தக் குக்குறுவானுக்கே கொடுத்துவிடுங்கள் என்று, திரும்பி வந்த தரகனிடம் நிதானமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

அடுத்த இரண்டு நாளும் நெடுஞ்சிறகன் பட்ட பாடு சொல்லி மாளாது. வீடு கைநழுவிப் போயிற்றே என்று புலம்பித் தீர்த்தான். மனைவிமேல் கோபம்கூட வந்தது. அவளோ ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. எதிர்மலையில் புதிதாக வீடு வாங்கிய இருவாச்சிகளிடம் போய் விலை விசாரித்தாள். ஈரமே இல்லாத பொந்துக்கு அவர்கள் கொடுப்பது ஐந்துதான். வருகிற வழியில், சின்னதானாலும் உலர்ந்த இன்னொரு பொந்தையும் பார்த்து வைத்தாள். அது மூன்று பழத்துக்கே கிடைக்கும்.

மூன்றாம் நாள் காலை கரிச்சான் தானே தேடி வந்தான். "குக்குறுவான் பின்வாங்கிட்டாரும்மா. உங்களுக்காகப் பத்துக்கே பேசி முடிக்கிறேன்."

"அவர் முன்னால வந்தாத்தானே பின்வாங்குறதுக்கு?" என்றாள் பொன்னலகி. "குக்குறுவானுங்க சொந்த அலகால பொந்து கொத்திக்கிறவங்க. அடுத்தவர் பொந்துக்கு விலை பேசினவரை நான் பாத்ததே இல்ல. எல்லார் குரலும் உங்களுக்கு நல்லா வருதுண்ணே."

கரிச்சான் நைசாக நழுவினான். நெடுஞ்சிறகனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கரிச்சான் எந்தப் பறவையின் குரலிலும் கூவுவான் என்பது காட்டுக்கே தெரியும். இல்லாத ஒருவனோடு ஏலத்தில் போட்டி போட்டோமே என்று வெட்கப்பட்டான்.

பொன்னலகி நேரே மலை அணிலிடம் போனாள். பொந்து நெடுநாளாகக் காலி, பின்சுவர் ஒழுகுகிறது, அதை அடைக்கும் வேலை எங்களுடையது, ஆகவே தினம் நான்கு, அது பிடிக்காவிட்டால் இன்னொரு பொந்து தயாராக இருக்கிறது என்றாள். அணில் அவளை ஏற இறங்கப் பார்த்தது. சும்மா கிடந்த பொந்துக்கு நான்கு வந்தாலும் லாபம்தானே என்று ஒப்புக்கொண்டது. அடடா, நெடுஞ்சிறகனுக்கு மனைவியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடலாம் போலிருந்தது.

பொன்னலகி உள்ளே போய் ஒழுகலை அடைத்தாள், வாசலையும் பூசிக்கொண்டாள். முட்டை பொரிந்து குஞ்சு வந்த வாரமே கோடைமழை பிடித்துக்கொண்டது. காற்று பழங்களை உதிர்த்துச் சேற்றில் தள்ளியது. ஒரு நாள் முழுக்க நனைந்து அலைந்தும் நெடுஞ்சிறகனுக்குக் கிடைத்தவை பதினைந்தே பழம்.

பேசியபடி அணிலுக்கு நான்கு கொடுத்தான். ஒன்றைத் தான் விழுங்கினான். மிச்சம் பத்தையும் கீற்று வழியாக ஒவ்வொன்றாக நீட்டினான். பொன்னலகி வாங்கிக் குஞ்சுக்கு ஊட்டிவிட்டுத் தானும் உண்டாள். குஞ்சு வயிறு நிறைந்து கத்தலை நிறுத்தியது.

அன்று பதின்மூன்றுக்கு மேலே போக வாயைத் திறக்கப் பார்த்தது அவன் நினைவுக்கு வந்தது. பதினான்கு என்று சொல்லியிருந்தால் இன்று கையில் நின்றிருப்பது ஒரே ஒரு பழம்.

"நீ மட்டும் அன்னிக்கு என்னை இழுக்கலேன்னா..." என்று தொடங்கினான். உள்ளேயிருந்து அவள் அலகு நீண்டு அவன் அலகை மெல்லத் தட்டியது.

தன் கைக்கு எட்டும் விலையை முதலில் முடிவு செய்து, அக்கம்பக்கம் விசாரித்து, வேண்டாம் என்று திரும்பி நடக்கவும் துணிந்தவரே வீட்டையும் வாங்குவார், அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிடவும் செய்வார்.