மதிலோரம் நின்ற உப்பு வண்டி

கேளுங்கள் பிள்ளைகளே. கதை கேட்கிற வயது தாண்டிவிட்டது என்று நினைக்கிற பெரியவர்களே, நீங்களும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

மாட்டு வண்டியை விட வேகமாக எதுவும் ஓடாத காலம் அது. செங்குளத்தூர் என்று ஓர் ஊர். வில்லவராயன் என்று ஓர் அரசன். ஊரின் நடுவே ஒரு நீளத் தெரு. தெருவின் ஒரு பக்கம் முழுக்கக் கடைகள், மறுபக்கம் முழுக்கக் கோட்டை மதில். மேட்டில் தொடங்கும் தெரு சரிந்து சரிந்து குளக்கரையில் போய் முடியும்.

மேட்டிலே நாச்சி குடியிருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை. தினமும் காலையில் பயறு அவித்துத் தாளித்து, சட்டியைத் தலையில் ஏற்றி, இடக்கையால் மதிலைத் தடவிக்கொண்டே குளக்கரைக்கு நடப்பாள். குளித்துக் கரையேறுகிறவர்களுக்குச் சுண்டல் விற்பாள். சட்டி காலியானதும் வலக்கையால் மதிலைத் தடவிக்கொண்டே வீடு திரும்புவாள்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகவா?" என்று யாராவது கேட்டால் போதும், அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மதில் இருக்கு, நான் இருக்கேன். நடுவுல நீ எதுக்கு?" என்பாள். யார் தயவும் இல்லாமல் அவள் நடக்கிற நடை அது ஒன்றுதான். அதை அவள் உயிரைப் போல் வைத்திருந்தாள்.

அந்தத் தெருவுக்கு உப்பு கொண்டுவருகிறவன் பெருந்தேவன். அவன் நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் உங்களுக்கு அவன்மேல் கோபம் வரும். எறும்புக்கு அரிசி நொய் போடுவான். ஏழைக்கு உப்பு அளந்தால் கை தாராளமாகச் சாயும். நாச்சியின் சுண்டலுக்கு வாரம் ஒரு கை உப்பு அவன் சும்மா கொடுப்பதுதான்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். வண்டியை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிட்டுப் போய்விடுவான். காலை வெயிலுக்கு மதிலோரம் நிழல் விழும். அந்த நிழலில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, வண்டியை மதிலோடு ஒட்டிச் சாய்த்துவிட்டு, எதிர்க்கடைக்குள் நுழைவான். யாராவது கேட்டால், "ஒரு நொடிதான், இதோ வந்துட்டேன்!" என்பான். உள்ளே போய் வெற்றிலை போடுவான், விலை பேசுவான், வேறு ஊர் வம்பெல்லாம் பேசுவான். அவனுடைய ஒரு நொடி முடிவதற்குள் சூரியன் தலைக்கு மேல் வந்துவிடும். நம் ஊரிலும் இப்படிப்பட்ட நொடிகள் உண்டு, உங்களுக்கே தெரியும்.

அவன் மட்டுமா? அவனைப் பார்த்து மற்ற வண்டிக்காரர்களும் அப்படியே செய்தார்கள்.

யாராவது வண்டியைத் தள்ளி வைக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். செங்குளத்தூர் வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் நுகத்தடியை இன்னொருவன் தொடக் கூடாது. தொட்டால் அந்த வீட்டில் மாடு நிலைக்காது என்று நம்பினார்கள். அதனால் வழியில் வண்டி கிடந்தால் ஊரே சுற்றிப் போகுமே தவிர, ஒருவரும் கை வைக்க மாட்டார்கள்.

நாச்சியும் சுற்றித்தான் போனாள். கை மதிலை விட்டு வண்டிமேல் படும்போதெல்லாம், வண்டியைத் தடவிக்கொண்டே நடுத்தெருவுக்கு இறங்கி, மறுபடி மதிலைப் பிடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்வாள்.

ஒரு நாள் காலை அப்படி இறங்கினாள். மேட்டிலிருந்து நெல் மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று சரிவில் உருண்டு வந்தது. ஓட்டியவன் கயிற்றை இழுத்தான், கத்தினான். சரிவில் இறங்குகிற பாரம் நினைத்த இடத்தில் நிற்குமா? சக்கரம் நாச்சியின் பாதத்தில் ஏறி இறங்கியது. சட்டி உடைந்து, சுண்டல் தெருவெல்லாம் சிதறியது.

சத்தம் கேட்டுக் கடைகளிலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். பெருந்தேவனும் ஓடிவந்தான். அவளைத் தூக்கிய கைகளில் அவன் கையும் ஒன்று. தூக்கி வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தான். அவள் சுற்றி இறங்கியது அவனுடைய வண்டியை. கூட்டம் அவளைச் சுற்றி நிற்கையில், சத்தமில்லாமல் மாட்டைப் பூட்டி, வண்டியை அடுத்த சந்துக்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

பார்த்த வண்டிக்காரர்கள் வாய் திறக்கவில்லை. அவர்களும் அதே மதிலோரம் நிறுத்துகிறவர்கள்தானே.

நாச்சியின் கால் மெல்ல ஆறியது. ஆனால் அவள் அண்ணன் வெளியூரிலிருந்து வந்து பிடிவாதமாக நின்றான். "போதும்மா நீ தனியா நடந்தது. என் வீட்டுக்கு வந்து ஒரு மூலையில உக்காந்து சாப்பிடு. நான் சோறு போடுறேன்" என்றான்.

பாசமாகத்தான் சொன்னான். ஆனால் மூலையில் உட்கார்வது என்றதும், கால் நசுங்கியபோது அழாதவள் அழுதாள்.

அழைத்துப் போகும் முன் அண்ணன் அரசனிடம் முறையிட்டான். சபை கூடியது. வண்டிக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். நெல் வண்டிக்காரன் கைகட்டி, "மகாராஜா, அந்தம்மா நடுத்தெருவுக்கு வந்துட்டாங்க. நான் என்ன செய்வேன்?" என்றான்.

அரசன் நாச்சியைப் பார்த்தான். "மதிலோரம் நடக்கிறவள் நடுத்தெருவுக்கு ஏனம்மா வந்தாய்?"

"மதிலை ஒட்டி ஒரு வண்டி நின்னுச்சு மகாராஜா."

"யாருடையது?"

"தெரியும். கண்ணு இல்லாட்டி என்ன, மூக்கு இருக்கே. ஆனா சொல்லமாட்டேன்."

சபை சலசலத்தது. அண்ணன் பல்லைக் கடித்தான்.

"சொன்னா சாட்டையடி கொடுப்பீங்க" என்றாள் நாச்சி. "முதுகு நாலு நாள் எரியும். அஞ்சாம் நாள் வண்டி அதே எடத்துல நிக்கும். அதுவும் இல்லாம, அவரு கெட்டவர் இல்ல."

பெருந்தேவன் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தான். உப்பின் ஈர வாடை அவன் மேல்துண்டில்கூட இருந்தது.

அரசன் சபையைப் பார்த்து, "வண்டிக்கு உரியவன் யார்?" என்று கேட்டான். பெருந்தேவன் தன் கால் விரல்களைப் பார்த்தான்.

அரசன் இரண்டாம் முறை கேட்டான். 'ஒரு நொடி பொறுத்துச் சொல்லிவிடலாம்' என்று பெருந்தேவன் நினைத்தான்.

அரசன் மூன்றாம் முறை கேட்டான். யாரும் பேசாததைக் கண்ட அண்ணன், "இங்கே நியாயம் கிடைக்காது, வாம்மா" என்று தங்கையின் துணி மூட்டையைத் தோளில் தூக்கினான். நாச்சி எழுந்தாள். இடக்கை பழக்கத்தில் பக்கவாட்டில் நீண்டு, அங்கே மதில் இல்லாமல் காற்றைத் தடவியது.

அதைப் பார்த்ததும் பெருந்தேவனால் தாங்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் விழுந்தான். "என் வண்டிதான் தாயி. நான்தான். எனக்கு என்ன தண்டனைனாலும் கொடுங்க."

"எழுந்திரிங்க ஐயா" என்றாள் நாச்சி. "உங்க ஒரு நொடி முடிய இவ்வளவு நேரம் ஆச்சு."

அரசன் சொன்னான்: "காயம் பட்டவள் நீ. தண்டனையும் நீயே சொல்."

நாச்சி யோசித்தாள். "ஐயா கண்ணைக் கட்டிக்கிட்டு, என் வீட்டுலேர்ந்து குளக்கரை வரைக்கும் மதிலைத் தடவிக்கிட்டு நடக்கட்டும். கூட நானும் வர்றேன். அது போதும்."

அப்படியே நடந்தது. பெருந்தேவன் கண்ணைக் கட்டிக்கொண்டான். இடக்கையை மதிலில் வைத்தான். ஊன்றுகோலோடு நாச்சி பின்னால் வந்தாள். வண்டிக்காரர்கள் பலரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் முழங்காலில் சாக்கு மூட்டை இடித்தது. தடவித் தாண்டினான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு வண்டியின் முன்னால் நீண்டிருந்த ஏர்க்கால் முழங்கால் எலும்பில் நறுக்கென்று பட்டது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். மூன்றாவதாக, மதிலை அடைத்துக்கொண்டு ஒரு முழு வண்டி நின்றது. எதிர்க்கடைக்குள்ளிருந்து ஒரு குரல், "ஒரு நொடிதான், இதோ வந்துட்டேன்!" என்றது.

யாரும் சிரிக்கவில்லை.

பெருந்தேவன் வண்டியைத் தடவிக்கொண்டு நடுத்தெருவுக்கு இறங்கினான். மேட்டுப் பக்கம் சக்கரச் சத்தம் கேட்டது. கிட்டே வருகிறதா, தூரத்தில் இருக்கிறதா? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அவனுக்குத் தெரியவில்லை. முன்னால் வைத்த கால் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அத்தனை பெரிய மனிதன் தெரு நடுவே வெடவெடவென்று நடுங்கினான்.

அப்போது ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

"பயப்படாதீங்க. அந்த வண்டி இன்னும் தூரத்துல இருக்கு. நான் கூட இருக்கேன்ல, வாங்க" என்றாள் நாச்சி.

தன் கையை யாருக்கும் கொடுக்காதவள், அவன் கையைப் பிடித்து மதிலோரம் கொண்டுவந்து சேர்த்தாள். அவன் கண்ணைக் கட்டியிருந்த துணி கண்ணீரில் நனைந்துவிட்டது.

குளக்கரை வந்தது. "கட்டை அவிழ்க்கலாம்" என்றான் கூட வந்த அரசனின் காவலன். பெருந்தேவன் தலையை ஆட்டினான். "தாயி தினமும் திரும்பியும் நடக்கிறாங்களே. நானும் வீடு வரைக்கும் வர்றேன்."

வலக்கையை மதிலில் வைத்து மேடேறினான். வண்டி இடிக்கப்போகிறது என்று காலை எச்சரிக்கையாக எடுத்து வைத்தான். இடிக்கவில்லை. ஏர்க்கால் வரும் என்று உடம்பைச் சுருக்கினான். வரவில்லை. கைக்குக் கீழே மதில் விடாமல் ஓடிக்கொண்டே இருந்தது.

"எல்லாம் எங்க போச்சு தாயி?"

நாச்சி நின்று காது கொடுத்தாள். மேலே, தெருவின் நீளத்துக்கும், மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர்கள் முன்னால் ஓடிப்போய், உரியவன் வருகிறானா என்றுகூடப் பார்க்காமல், ஒருவன் நுகத்தை மற்றவன் பிடித்து, வண்டிகளைக் குளத்துக்கு அப்பாலுள்ள மந்தைவெளிக்குக் கொண்டுபோகத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் தொடாததை அன்று தொட்டார்கள். எந்த வீட்டிலும் மாடு சாகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வழி விட்டிருக்காங்க ஐயா" என்றாள் அவள்.

வீட்டு வாசலில் அண்ணன் மூட்டையோடு நின்றிருந்தான். தெருவைப் பார்த்தான், மதிலைப் பார்த்தான், தங்கையின் முகத்தைப் பார்த்தான். மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, "நாளைக்குப் பயறு ஊறப்போடணுமா?" என்று கேட்டான்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: நாம் ஒரு நொடி நிற்கிற இடம் இன்னொருவர் உயிரைக் கையில் பிடித்து நடக்கிற வழியாக இருக்கலாம், ஆகவே பிறர் வழியை அடைத்து நிற்காதே.