கவுதாரிக்குக் காவல்

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும், சத்தியம்!

எங்கள் ஜமீன்தார் ஒரு சட்டம் போட்டிருந்தார். நரி வளைக்குள் நாயை விடுவதென்றால், அவர் சுட்டு விளையாட வளர்க்கிற கவுதாரிகளைக் காப்பாற்ற மட்டுமே விடலாம். ஊரார் ஆடுகளுக்காக விட்டால் நாயைச் சுட்டுவிடுவார்கள்.

ஆட்டுக்கார மொக்கையன் தன் குட்டை நாயை வளைக்குள் விட்டுப் பிடிபட்டான். ஜமீன்தார் துப்பாக்கியோடு வந்து நின்றார்.

"ஆட்டுக்குத்தானேடா விட்டே?"

"கவுதாரிக்குத்தான் சாமி."

"புளுகாதே! இந்த நரி கவுதாரியைத் தொட்டதே இல்லையே!"

"எப்படித் தொடும் சாமி? வயிறு முட்ட என் குட்டிங்களைத் தின்னுச்சு. நேத்தோட என் பட்டி காலி. இனிமே அது உங்க கவுதாரிக்குத்தானே வரும்?"

கூட வந்த விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜமீன்தார் முகம் கறுத்துத் துப்பாக்கியைத் தாழ்த்தினார். நாய் பிழைத்தது.

ஆனால் மொக்கையன் சொன்னதை அவர் மறக்கவில்லை. மறுநாளே தண்டோரா போட்டார்கள்: கவுதாரிகளின் நலன் கருதி, வீட்டுக்கொரு ஆட்டுக்குட்டியை முறை வைத்து நரி வளைக்கு முன்னால் கட்ட வேண்டும்.

நாளைக்கு என் வீட்டு முறை. இதை நான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வீட்டில் இன்னொரு குட்டியும் இருக்கிறது.