அடுத்த படம் எதுவென்று யாருக்கும் தெரியாது

கோணவாய்ப்பாளையம் பேரூராட்சி அலுவலகத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால் பார்த்ததோடு சரி, தொட்டுக் கெடுத்ததில்லை. ஊர் அதுவரை பிழைத்திருந்தது அந்தப் புண்ணியத்தில்தான். தலைமை எழுத்தர் நாச்சிமுத்து, தட்டச்சர் சரோஜினி, உதவியாளர் வெள்ளியங்கிரி. மூவரில் நாச்சிமுத்துதான் அறிவாளி என்று மற்ற இருவரும் சொல்வார்கள். அவரும் மறுத்ததில்லை.

நூற்றாண்டு விழா வந்தது. தலைவர் அவிநாசியப்பன் கோவையிலிருந்து ஆளைப் பிடித்து, அலுவலகக் கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம் எழுதி வாங்கினார். பொத்தானை அமுக்கினால், ஃபோல்டரில் உள்ள நூறு படங்களில் ஏதோ ஒன்று குருட்டாம்போக்கில் திரையில் வரும். எல்லாம் ஊரின் பெருமைகள். அறுபது படங்களில் தலைவர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அடுத்து எந்தப் படம் வரும்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா மூணு பேரும் குப்பைக்கிடங்குக்குத்தான் போகோணும்” என்று சொல்லிவிட்டுத் தலைவர் காரில் ஏறினார்.

நாச்சிமுத்து ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. குப்பைக்கிடங்கு நாற்றம் அப்போதே மூக்கில் ஏறியது. கதவைச் சாத்திவிட்டு ஆலோசனை நடத்தினார். மணிக்கூண்டுப் படத்துக்கு ‘மணிக்கூண்டு’ என்று பெயர் இருந்தால் ரகசியம் எப்படி நிற்கும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘படம்’ என்றே பெயர் வைத்துவிட்டால் எமனுக்கும் அடையாளம் தெரியாது என்று முடிவாயிற்று.

சரோஜினி புதிய ஃபோல்டர் திறந்து, ஒவ்வொன்றையும் ‘படம்’ என்று சேமித்தார். இரண்டாவது படத்திலேயே கம்ப்யூட்டர் கேட்டது: இதே பெயரில் ஒன்று இருக்கிறது, அதை எடுத்துவிட்டு இதை வைக்கட்டுமா? கேட்டு வந்தவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் சரோஜினி வீட்டில் கிடையாது. தொண்ணூற்றொன்பது தடவையும் ‘ஆம்’ என்றே அமுக்கினார். பழைய ஃபோல்டர் இடத்தை அடைக்கிறதென்று வெள்ளியங்கிரி அதை அழிக்கச் சொன்னார். அதுவும் ஆயிற்று; அதன் பெயரும் புதியதற்கு வந்தது.

சோதித்துப் பார்த்தார்கள். பஸ் நிலையக் கழிப்பறை வந்தது. தலைவர் திறந்து வைத்த மறுவாரமே கதவு விழுந்த கழிப்பறை. மறுபடி அமுக்கினார்கள். கழிப்பறை. பதினோரு தடவையும் கழிப்பறை.

“நூறு படத்துல ஒண்ணுக்கே இத்தனை யோகமுங்களா?” என்றார் சரோஜினி.

“ஜாதகம் அப்படி” என்றார் நாச்சிமுத்து. ஆனால் எழுந்து போய்க் கதவை மறுபடி சாத்தினார். அடுத்து வருவது எது என்பது இப்போது மூன்று பேருக்குத் தெரிந்துவிட்டதே!

ஊரில் வேறு யாருக்காவது தெரியுமா என்று விசாரித்துவிடுவது நல்லதென்று வெள்ளியங்கிரி சொன்னார். சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும் என்றார் நாச்சிமுத்து. ‘அடுத்து வரும் படம் எது என்று எனக்குத் தெரியாது’ என்று படிவம் அச்சடித்தார்கள். வெள்ளியங்கிரி அதை எடுத்துக்கொண்டு பதினைந்து வார்டிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார். படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்றவர்களிடம் பொறுமையாக விளக்கினார்: “அடுத்து பஸ் ஸ்டாண்டு கக்கூஸ் படம் வருமுங்க. அது உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதானுங்க.” ஊரே போட்டுக் கொடுத்தது.

விழா நாளில் பெரிய திரை கட்டியிருந்தது. தலைவர் பொத்தானில் விரலை வைத்தார். விரல் அமுங்கும் முன்பே கூட்டம் ஒரே குரலில் “கக்கூஸ்” என்றது. வந்ததும் அதுதான்.

தலைவர் முகம் கறுத்தது. ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நாச்சிமுத்துவைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

நாச்சிமுத்து முன்னால் வந்தார். படிவக் கட்டுகளை மேஜையில் அடுக்கினார். “ஒருத்தருக்கும் தெரியாதுங்க. எல்லாம் கையெழுத்தோட இருக்குது. நானும் போட்டிருக்கறேன். ஊர்லயே கையெழுத்துப் போடாத ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க.”

தலைவர் கட்டுகளைப் பார்த்தார். கூட்டம் தலைவரைப் பார்த்தது. ரகசியத்தை வெளியே விட்டது யார் என்று எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது போலிருந்தது.

“கொண்டாய்யா அதை” என்று வாங்கிப் பெரிதாய்க் கையெழுத்துப் போட்டார் தலைவர். பிறகு பொத்தானை மறுபடி அமுக்கினார். கதவில்லாத கழிப்பறை திரை நிறைய வந்து நின்றது. சட்டப்படி இப்போது அவருக்கு எதுவும் தெரியாது. கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“அடடே, இது எந்த ஊரு?” என்றார்.