மத்தியானத்தில் விழுந்த கம்ப்யூட்டர்

மடத்தில் கம்ப்யூட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்டுவிட்டுப் போகட்டும். பெண்ணையாற்றங்கரை மடத்தில் ஒன்று இருந்தது. மடத்துப் பத்திரிகையின் பக்கங்களை அதில்தான் அச்சுக்குக் கட்டினார்கள்.

கட்டுகிறவன் தணிகாசலம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருந்தவன். மனைவி இறந்த மறு வருஷம், காலேஜில் படித்துக்கொண்டிருந்த மகள் சுகந்தியைத் தங்கை பொறுப்பில் விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தான். ஏன் என்றால் வைராக்கியம் என்பான். அதன் பிறகு வீட்டுப் பக்கம் போகவில்லை. மகள் கல்யாணத்துக்கும் போகவில்லை.

மடத்தின் குரு அவனைவிட வயதில் இளையவர். எல்லோருக்கும் அவர் சாமி. அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி. தணிகாசலம் அதை அணைக்க மாட்டான், தூங்க வைப்பான். எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமே என்று நினைப்பு. காலையில் எழுப்பினால் ஒழுங்காக எழும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து எழுப்பினால் விழும். திரை நீலமாகும், பிறகு கறுப்பாகும். கட்டி வைத்த பக்கம் காணாமல் போகும்.

மெமரியை மாற்றினான். வயரை மாற்றினான். மத்தியான வெயில்தான் காரணம் என்று மேஜைக்கடியில் ஒரு ஃபேன் வைத்தான். காற்று வாங்கிக்கொண்டு விழுந்தது.

இந்த நிலையில் சுகந்தி போன் செய்தாள். குழந்தைக்குப் பேர் வைக்கிறோம், அப்பா வரணும் என்றாள்.

“நாலு நாள் இருந்துட்டு வரேன் சாமி” என்று கிளம்பினான். பழைய வேட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலமே திரும்பிவிட்டான்.

சாமி ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் அப்படி.

மறுநாள் மத்தியானப் பூஜைக்கு முன்னால் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்துவிட்டு, டார்ச்சோடு மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இன்றைக்கு இதை விடுவதில்லை என்று.

கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால் தடவி, செருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கியது.

“யாரது?”

“நான்தான்” என்றார் சாமி. “நீ அங்க என்ன பண்றே?”

“நீங்க என்ன சாமி பண்றீங்க?”

“பாட்டுக்கு.”

மடத்தில் இருந்தது ஒரே பென்டிரைவ். பத்திரிகைப் பக்கமும் அதில்தான். பூஜைக்கு ஒலிபெருக்கியில் போடும் பாட்டும் அதில்தான்.

“தினம் எடுக்கிறீங்களா?”

“தினம்தான். ரெண்டாம் பந்தி முடிஞ்சதும் திரும்பச் செருகிடுவேனே.”

தணிகாசலம் முதல் பந்தியில் சாப்பிடுகிறவன். இரண்டாம் பந்தி நடக்கும்போதே வந்து கம்ப்யூட்டரை எழுப்புகிறவன். அவன் வெளியே வரும்போது மேஜையில் தலையை இடித்துக்கொண்டான்.

“மெமரி மாத்தினேன். ஃபேன் வெச்சேன். வெயிலைத் திட்டினேன். கடைசில நீங்களா?”

“ஃபேன் எதுக்குன்னு நானும் யோசிச்சேன். உனக்குக் கால் எரியுதுபோலன்னு விட்டுட்டேன்.”

“தூங்கும்போது பிடுங்கலாமா சாமி?”

“நீ தூங்க வெச்சா அது தூங்கும். பூஜை தூங்குமா?”

தணிகாசலம் தலையைத் தேய்த்துக்கொண்டான்.

“சரி, நான் எடுத்தா அதுக்கென்ன?” என்றார் சாமி.

“எழுந்ததும் அது தேடும் சாமி. தூங்கப் போறப்ப என்னென்ன இருந்துச்சோ அதெல்லாம் அந்தந்த இடத்துல இருக்கணும். இல்லேன்னா தாங்காது. விழுந்துடும்.”

“இல்லேன்னா இல்லைன்னு இருக்கிறதை வெச்சு வேலை பார்க்க வேண்டியதுதானே?”

“அந்த அறிவு அதுக்கேது? தான் தூங்கினா ஊரே தூங்கிச்சுன்னு நெனச்சுக்கும். மடமிஷின்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சாமி சிரிக்கவில்லை.

“நேத்து ஏன் உடனே வந்துட்டே?”

தணிகாசலத்தின் சிரிப்பு நின்றது.

“போயிருக்கவே கூடாது சாமி. அது என் வீடு மாதிரியே இல்ல. கூடத்து ஊஞ்சலைக் கழட்டிட்டாங்க. என் ரூம்ல மாப்பிள்ளையோட அப்பா படுத்திருக்கார். கால்மேல கால் போட்டு. என் சம்சாரத்தோட பீரோ இருந்த இடத்துல துணி துவைக்கிற மிஷின் நிக்குது.”

“மக என்ன சொன்னா?”

“காபி கொண்டுவந்தா. சர்க்கரை போடலாமாப்பான்னு கேட்டா. என்னைப் பார்த்து. அவ எம் பொண்ணு சாமி. நான் எப்படிக் குடிப்பேன்னு அவளுக்குத் தெரியல.”

“நீ என்ன சொன்னே?”

“பீரோ எங்கேன்னு கேட்டேன்.”

“அதுக்கு அவ?” என்றார் சாமி.

“வித்துட்டோம்னா. யாரைக் கேட்டு வித்தேன்னேன். சத்தமாத்தான் கேட்டேன். வந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அவ குழந்தையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.”

“அப்புறம்?”

“வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டேன். பின்னாலயே வந்து, சாப்பிட்டுட்டாவது போங்கப்பான்னா. இலை போட்டிருந்தாங்க. நான் திரும்பல.”

வெளியே பூஜை மணி அடித்தது. ஒலிபெருக்கிக்காரன் வாசலில் வந்து நின்று பென்டிரைவுக்குக் கை நீட்டினான். சாமி கொடுத்தார். அவன் போனான்.

சாமியும் இரண்டடி வைத்தார். நின்றார்.

“என்ன பேரு வெச்சாங்க?”

“யாருக்கு சாமி?”

“குழந்தைக்கு.”

தணிகாசலம் வாயைத் திறந்தான். அதைக் கேட்காமலே வந்திருந்தான். பாட்டு ஆரம்பித்தது. மேஜைக்கடியில் கம்ப்யூட்டரின் சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.