பிக் ஷாட் ராஜாவும் பட்டத்து யானையும்

முன்னொரு காலத்தில் மருதங்கோட்டைச் சீமையைச் சிங்கமுத்து பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். சீமை சிறிசு, ராஜாவின் ஆசை பெரிசு.

வெள்ளைக்காரர்களிடம் பேச அவர் வைத்திருந்த துபாஷி அனந்தப்பனுக்கு, கட்டியக்காரன் செவத்தையாவைக் கண்டாலே ஆகாது. ஊர்வலத்தன்று வெள்ளித்தடியோடு யானை முன் நின்று ராஜாவின் பட்டங்களை முழங்குவது செவத்தையாவின் வேலை. அவன் "பராக்!" என்றதும் யானை மண்டியிடும், ராஜா ஏறுவார்.

"மகாராஜா, 'வீராதி வீரர்' எல்லாம் பழைய சரக்கு" என்றான் அனந்தப்பன். "இங்கிலீஷில் பெரிய ஆளை 'பிக் ஷாட்' என்பார்கள். செல்வாக்குள்ளவர் 'ஹெவிவெயிட்'. தங்களைப் போல உலகமே கொள்ளாதவர் 'லார்ஜர் தன் லைஃப்'!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. "செவத்தையா, இதையெல்லாம் சொல்லுவியா?"

"நாக்குப் புரளாதுங்க மகாராஜா."

"அப்போ தடியைத் துபாஷிகிட்டே கொடுத்துட்டுப் போ."

செவத்தையா தடியை இறுகப் பிடித்துக்கொண்டான். முப்பது வருஷத்துப் பிழைப்பாயிற்றே! ஆனாலும் புத்தி கலங்கவில்லை. "தசராவுக்கு அவரே முழங்கட்டும். யானை மண்டி போட்டா நான் ஊரை விட்டே போறேன். போடலைன்னா தடி எனக்கு."

"சரி" என்றார் ராஜா.

தசரா வந்தது. அனந்தப்பன் தொண்டை கிழியக் கத்தினான்: "பிக் ஷாட்! ஹெவிவெயிட்! லார்ஜர் தன் லைஃப்! பராக்!"

யானை கரும்பைக் கடித்துக்கொண்டு நின்றது. மூன்று தடவை கத்தியும் அசையவில்லை. ஏறுவதற்குக் காலைத் தூக்கிய ராஜா, ஊரே பார்க்க ஒற்றைக்காலில் தள்ளாடினார்.

"அதுக்குப் பழைய பட்டம்தான் பழக்கம்" என்று முணுமுணுத்தான் அனந்தப்பன்.

"எந்தப் பட்டத்துக்குடா மண்டி போடுது?" என்று செவத்தையாவைக் கேட்டார் ராஜா.

"தலைக்கு அபயம் கொடுத்தா காட்டறேன்."

"கொடுத்தேன்."

செவத்தையா நெஞ்சை நிமிர்த்தி முழங்கினான்: "கத்தரிக்காய்! வெண்டைக்காய்! சுரைக்காய்! பராக்!"

யானை பொத்தென்று மண்டியிட்டது.

"அப்போ இத்தனை நாளும் என் பெருமைக்காக அது உட்காரலையா?" ராஜாவின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"குட்டியிலேருந்து கேட்ட குரலுக்கு உட்காருது மகாராஜா. நீங்க பெரியவரா சின்னவரான்னு அதுக்கு என்ன தெரியும்? அது தெரிஞ்ச நாங்கதான் உங்களைப் பார்க்க இந்த வெயில்ல நிக்கிறோம்."

ராஜா கூட்டத்தைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தடியைத் திருப்பித் தந்ததோடு, தம் கைக்காப்பையும் கழற்றிச் செவத்தையாவுக்குப் போட்டார். "அனந்தப்பா, யானைக்கு இங்கிலீஷ் வர்ற வரைக்கும் நீ யானைக் கொட்டாரத்திலேயே இரு" என்று உத்தரவு போட்டார்.

யானைக்கு இங்கிலீஷ் இன்னும் வரவில்லையாம். அனந்தப்பனுக்கு யானை லத்தி அள்ள நன்றாக வந்துவிட்டதாம்.